வகுப்பறையில் பிடி கத்தரி: ஆதாரத்தோடு நிலைப்பாடு எடுக்க மாணவர்களைப் பழக்குவது எப்படி?

பிளஸ் டூ உயிரியல் வகுப்பில் "மரபணு மாற்றப் பயிர்கள் நமக்குத் தேவையா?" என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு பக்கம் "கேன்சர் வரும் சார்" என்பார்கள். மறுபக்கம் "விஞ்ஞானம் வளர வேண்டாமா மிஸ்" என்பார்கள். கைதட்டல் இரு தரப்புக்கும் கிடைக்கும், ஆதாரம் எந்தத் தரப்பிடமும் இருக்காது. இந்த நிலையிலிருந்து மாணவரை "இதுதான் என் நிலைப்பாடு, இவை என் ஆதாரங்கள், இந்த இடத்தில் எனக்கு இன்னும் உறுதியில்லை" என்று எழுதும் நிலைக்குக் கொண்டுவருவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. இதை முதன்முறையாகச் செய்யப்போகும் ஆசிரியர்களுக்காக எழுதுகிறோம்.

எடுத்துக்காட்டாகப் பிடி கத்தரியை (புழுவை எதிர்க்க ஒரு மண் பாக்டீரியாவின் மரபணு சேர்த்த கத்தரி) எடுத்துக்கொள்கிறோம். பாடத்தோடு ஒட்டிய விஷயம். கத்தரிக்காய் எல்லார் வீட்டுச் சாம்பாரிலும் உண்டு. அறிவியல், விவசாயம், சட்டம், அரசியல் என நாலும் இதில் கலந்திருக்கின்றன. இரண்டு தரப்பிலும் நேர்மையான, வலுவான வாதங்கள் இருப்பது இன்னொரு வசதி.

மொத்தம் 6 பாடவேளை ஒதுக்குங்கள். தேடலும் விவாதமும் நான்கு பேர் கொண்ட குழுவாக நடக்கட்டும். இறுதி அறிக்கையை மட்டும் ஒவ்வொருவரும் தனியாக, 500 சொற்களுக்குள் எழுத வேண்டும். அதையும் குழுவாக எழுதவிட்டால் ஒருவர் எழுதுவார், மூவர் பெயர் போடுவார்கள்.

முதலில் கேள்வியைச் சரிசெய்யுங்கள்

பெரும்பாலான வகுப்புகள் தடுமாறுவது கேள்வியில்தான். "மரபணு மாற்றம் நல்லதா கெட்டதா?" என்பது ஆராயக்கூடிய கேள்வியே இல்லை. எந்தப் பயிர், எந்த மரபணு, எந்த ஊர், யாருக்கு நல்லது என்ற எதுவும் அதில் கிடையாது. "2010இல் பிடி கத்தரி மீது விதிக்கப்பட்ட நிறுத்திவைப்பை இப்போது நீக்க வேண்டுமா?" என்று மாற்றிப் பாருங்கள். பயிர், நாடு, காலம், எடுக்க வேண்டிய முடிவு எல்லாம் தெளிவாகிவிடும்.

வேறு தலைப்பு எடுப்பதாக இருந்தாலும் இதே அளவுக்குக் குறுக்குங்கள். வணிக ரீதியான வாடகைத்தாய் முறையை 2021ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது சரியா? மறுப்புத் தெரிவிக்காத எல்லாரையும் உறுப்பு தானத்துக்குச் சம்மதித்தவர்களாகக் கருதும் முறையை (வேல்ஸ் 2015இலும் இங்கிலாந்து 2020இலும் கொண்டுவந்தன) இந்தியா ஏற்கலாமா? கோழித் தீவனத்தில் கொலிஸ்டினைத் தடை செய்த 2019ஆம் ஆண்டு ஆணையை மற்ற ஆன்டிபயாடிக்குகளுக்கும் விரிக்க வேண்டுமா?

எச்சரிக்கை ஒன்று. அறிவியல் ஏற்கெனவே விடை சொல்லிவிட்ட கேள்விகளை "இரு தரப்பு" விவாதமாக்காதீர்கள். "போலியோ தடுப்பூசி வேலை செய்கிறதா?" என்பது நிலைப்பாடு எடுக்கும் கேள்வி அல்ல. தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ இல்லாததாக 2014இல் சான்றளிக்கப்பட்டுவிட்டது. "ஒரு தடுப்பூசியைப் பள்ளிச் சேர்க்கைக்குக் கட்டாயமாக்கலாமா?" என்பது நிலைப்பாடு எடுக்கும் கேள்வி. இந்த இரண்டையும் குழப்பினால், உண்மைகூட வாக்கெடுப்பில் முடிவாகும் விஷயம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள்.

பின்னணி: ஒரு பக்கத் தாள், அதற்குமேல் வேண்டாம்

தேடத் தொடங்கும் முன் எல்லாருக்கும் பொதுவான ஒரு தாளை நீங்களே தயாரித்துக் கொடுங்கள். கருத்து எதையும் சேர்க்காமல் இவை மட்டும் அதில் இருந்தால் போதும்:

கத்தரியை அதிகம் தாக்குவது தண்டு மற்றும் காய்த்துளைப்பான். புழு காய்க்குள் புகுந்துவிட்டால் மேலே அடிக்கும் மருந்து அதை எட்டாது. அதனால் விவசாயிகள் திரும்பத் திரும்பத் தெளிக்கிறார்கள். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (சுருக்கமாக Bt, அதாவது பிடி) என்ற மண் பாக்டீரியாவின் க்ரை1ஏசி மரபணுவைக் கத்தரியில் சேர்த்தால், அந்தச் செடியைத் தின்னும் புழுவின் குடல் செல்களில் அப்புரதம் ஒட்டித் துளையிடுகிறது, புழு சாகிறது. மஹிகோ நிறுவனம் இதை உருவாக்கியது. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகமும் உள்ளூர் ரகங்களில் இதைச் சேர்க்கும் பணியில் இருந்தன. தமிழ்நாட்டில் கோ 2, எம்டியு 1 போன்ற ரகங்கள் இதற்கு எடுக்கப்பட்டன. 2009 அக்டோபர் 14 அன்று மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு வணிகச் சாகுபடிக்குப் பச்சைக்கொடி காட்டியது. அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்துக் கேட்டு, 2010 பிப்ரவரி 9 அன்று அதை நிறுத்திவைத்தார். வங்கதேசம் 2013 அக்டோபரில் அனுமதித்தது. அடுத்த ஜனவரியில் 20 விவசாயிகள் நாற்று வாங்கிச் சென்றார்கள்.

இந்தத் தாள் இல்லாவிட்டால் முதல் இரண்டு பாடவேளையும் "பிடி என்றால் என்ன" என்பதிலேயே கழிந்துவிடும்.

வாக்கியங்களைத் தரம் பிரித்தல்

இதுதான் முழுப் பயிற்சியின் உயிர்நாடி. ஒரு முழுப் பாடவேளையை இதற்கே கொடுங்கள்.

செய்தித்தாள், அரசு அறிக்கை, எதிர்ப்பாளர் துண்டறிக்கை, நிறுவன விளம்பரம் ஆகியவற்றிலிருந்து 12 வாக்கியங்களை எடுத்துத் தனித்தனிச் சீட்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கட்டு. அவற்றை மூன்று குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: சோதித்துப் பார்க்கக்கூடியவை, எதை மதிக்கிறோம் என்று சொல்பவை, என்ன செய்ய வேண்டும் என்று சொல்பவை.

"வங்கதேசத்தில் பிடி கத்தரி பயிரிட்டவர்களின் பூச்சிமருந்துச் செலவு குறைந்தது" என்பது முதல் குவியல். "விதையைத் தானே எடுத்து வைத்துக்கொள்வது விவசாயியின் உரிமை" என்பது இரண்டாவது. "பிடி கத்தரியில் லேபிள் ஒட்ட வேண்டும்" என்பது மூன்றாவது. இவற்றில் சிக்கல் வராது. "பிடி கத்தரி இயற்கைக்கு மாறானது" என்ற சீட்டில்தான் மோதல் வரும். பாதிப் பேர் அதை முதல் குவியலில் வைப்பார்கள். உடனே திருத்தாதீர்கள். "இயற்கைக்கு மாறானது என்றால் என்ன பொருளில் சொல்கிறீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். "பாக்டீரியாவின் மரபணு செடிக்குள் வருவது" என்று ஒருவர் சொல்வார். அது சோதிக்கக்கூடிய உண்மை. "அதனால் சாப்பிடக் கூடாது" என்று அடுத்தவர் சேர்ப்பார். நாம் உண்ணும் கத்தரியே மனிதர்கள் பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து மாற்றிய பயிர்தானே என்று மூன்றாமவர் கேட்பார். ஒரே வாக்கியத்துக்குள் ஓர் உண்மையும் ஒரு மதிப்பீடும் ஒட்டிக்கொண்டிருந்ததை அவர்களே பிரித்தெடுப்பார்கள்.

இதை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஆய்வு முடிவு மட்டும் எந்த நிலைப்பாட்டையும் நியாயப்படுத்தாது. "மருந்துச் செலவு குறைந்தது" என்பதிலிருந்து "அனுமதிக்க வேண்டும்" என்பதற்குப் போக, இடையில் "விவசாயியின் செலவும் உடல்நலமும் எனக்கு முக்கியம்" என்ற மதிப்பீடு வேண்டும். அந்த இடைவாக்கியத்தை எழுதாமல் தாண்டிப்போவதுதான் மாணவர் கட்டுரைகளில் நாங்கள் அதிகம் பார்க்கும் குறை. பெரியவர்கள் எழுதும் தலையங்கங்களிலும் இது சாதாரணம்.

தேடல்: யாரிடம் எதைக் கேட்பது

ஒரு குழுவுக்கு ஐந்து மூலங்கள் போதும், வகைதான் வேறுபட வேண்டும். ஓர் அரசு ஆவணம் (அமைச்சரின் 2010 முடிவுக் குறிப்பு, அல்லது நாடாளுமன்ற வேளாண் நிலைக்குழுவின் 2012 அறிக்கை), ஆதரவாக ஓர் ஆய்வு, எதிராக ஓர் ஆய்வு, ஒரு செய்திக் கட்டுரை, ஒரு நேர்காணல். யூடியூப் வீடியோவிலும் வாட்ஸ்அப் தகவலிலும் தொடங்கலாம், ஆனால் அவை ஐந்தில் சேராது. அதில் சொன்ன விஷயம் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போய்க் கண்டுபிடித்தால் அந்த மூலம் சேரும்.

சாட்ஜிபிடி போன்ற கருவிகளைத் தடை செய்வதால் பயனில்லை. ஒரு விதி வைத்தால் போதும்: அது சொல்லும் ஆய்வுக் கட்டுரை உண்மையில் இருக்கிறதா என்று கூகுள் ஸ்காலரில் தலைப்பைப் போட்டுப் பார்த்து, திரையைப் படம்பிடித்து நோட்டில் ஒட்ட வேண்டும். இல்லாத ஆய்வை இருப்பதாக எழுதித்தரும் பழக்கம் இந்தக் கருவிகளுக்கு உண்டு. ஒருமுறை தேடி ஏமாந்த மாணவர் பிறகு தானாகவே சரிபார்ப்பார்.

தமிழ்வழி மாணவர்களுக்கு ஆங்கில ஆய்வுக் கட்டுரை பெரிய மலை. முழுதாகப் படிக்கச் சொல்லாதீர்கள். சுருக்கம், ஓர் அட்டவணை, யார் பணம் கொடுத்தார்கள் என்ற பகுதி ஆகிய மூன்றையும் நீங்கள் அரைப் பக்கத் தமிழில் எழுதிக் கொடுங்கள். இந்த உழைப்பு உங்களுடையது. மாணவரின் ஆங்கிலத்தைச் சோதிப்பது இங்கே நோக்கமில்லை.

நேர்காணலுக்கு மூன்று பேர்: கத்தரி போடும் விவசாயி, மருந்துக் கடைக்காரர், காய்கறிச் சந்தை வியாபாரி. "பிடி கத்தரி பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் பொதுவான பதிலே வரும். நடவிலிருந்து கடைசிப் பறிப்பு வரை எத்தனை முறை தெளிக்கிறீர்கள்? கடைசித் தெளிப்புக்கும் பறிப்புக்கும் எத்தனை நாள் இடைவெளி? நூறு கிலோவில் எவ்வளவு சொத்தை? விதை எங்கே வாங்குகிறீர்கள், நீங்களே எடுப்பதுண்டா? இப்படிக் கேட்கச் சொல்லுங்கள். அனுமதி பெற்று, பெயர் போடாமல் எழுத வேண்டும். மூன்று பேர் சொன்னதை "விவசாயிகள் கூறுகிறார்கள்" என்று விரிக்கக் கூடாது. அது நடப்பு எப்படி இருக்கிறது என்று புரியவைக்கும் சான்று. மாவட்டம் முழுக்க அப்படித்தான் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

ஒரு ஆய்வை எப்படிப் படிப்பது

"பிடி சாப்பிட்டால் கேன்சர்" என்ற பேச்சுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது பிரான்சில் செராலினி குழு 2012இல் வெளியிட்ட எலி ஆய்வு. கட்டிகளோடு எலிகள் இருக்கும் அந்தப் படங்கள் உலகம் சுற்றின. இதை வகுப்பில் எடுத்தே ஆக வேண்டும். மழுப்பாமல், கிண்டலும் செய்யாமல், கரும்பலகையில் இப்படிப் பிரித்துப் போடுங்கள்.

எதைச் சோதித்தார்கள்? என்கே603 என்ற மக்காச்சோளம். அது களைக்கொல்லியைத் தாங்கும் பயிர், பிடி பயிரே அல்ல. இந்த ஒரு வரியிலேயே கத்தரிக்கு இதை நேராகப் பொருத்த முடியாது என்று தெரிந்துவிடும். எத்தனை எலிகள்? மொத்தம் 200, இரண்டு ஆண்டு. கேட்கப் பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் ஆண், பெண் என்றும் உணவு வகை என்றும் பிரித்தபின் ஒரு குழுவில் 10தான். சாதாரண உணவு கொடுத்த ஒப்பீட்டுக் குழுவிலும் 10 ஆண், 10 பெண் மட்டுமே. புற்றுநோய்ச் சோதனைகளுக்கான சர்வதேச நெறிமுறை ஒரு குழுவுக்கு ஒவ்வொரு பாலிலும் 50 கேட்கிறது. எந்த எலி? ஸ்ப்ரேக் டாலி ரகம், வயதாக ஆக இயல்பாகவே கட்டிகள் அதிகம் வரும் ரகம். அப்படியானால் இரண்டு ஆண்டு முடிவில் கட்டி வந்தது உணவாலா, வயதாலா என்று பத்துப் பத்து எலிகளை வைத்துப் பிரிக்க முடியுமா? இந்தக் கேள்வியை வகுப்பிடமே விட்டுவிடுங்கள்.

பிறகு மீதிக் கதையையும் சொல்லுங்கள். ஆய்விதழ் 2013இல் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. முடிவுகள் உறுதியானவை அல்ல என்பதே அது சொன்ன காரணம், மோசடி என்று சொல்லவில்லை. 2014இல் வேறோர் இதழில் அது மறுபடி வந்தது. இந்த விவரங்களை மறைத்தால், பின்னால் இணையத்தில் படிக்கும் மாணவர் உங்களை நம்பமாட்டார்.

அதே நேர்மையோடு மறுபக்கத்தையும் தட்டிப் பாருங்கள். பிடி கத்தரியின் பாதுகாப்புச் சோதனைகளில் பெரும்பகுதி அதை உருவாக்கிய நிறுவனமே செய்வித்தவை. தனிச்சோதனை போதவில்லை என்பது 2010 முடிவுக் குறிப்பிலேயே உள்ள கவலை. எலிகளுக்கு 90 நாள் கொடுத்துப் பார்த்த சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று கேளுங்கள்.

அடுத்தது பிடி பருத்தி. இந்தியாவில் 2002இலிருந்து வயலில் இருக்கிறது, கத்தரிக்கு இதைவிட நல்ல ஒப்பீடு கிடைக்காது. காதாகே, கைம் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு ஏக்கருக்கு 24 சதவீதம் விளைச்சலும் 50 சதவீதம் லாபமும் கூடியதாகச் சொன்னது. கிராந்தி, ஸ்டோன் இருவரும் 2020இல் இருபது ஆண்டுத் தரவைப் பார்த்து, விளைச்சல் உயர்வுக்கு உரமும் பாசனமும் புதிய பூச்சிமருந்துகளும்தான் பெரும்பங்கு என்றார்கள். இரண்டும் மதிப்புள்ள ஆய்விதழ்களில் வந்தவை. "யார் பொய் சொல்கிறார்கள்?" என்று மாணவர்கள் கேட்பார்கள். யாரும் இல்லை. முதலாவது 2002 முதல் 2008 வரை விவசாயக் குடும்பங்களைப் பின்தொடர்ந்தது. இரண்டாவது நாட்டளவில் நீண்ட காலப் போக்கைப் பார்த்தது. இடையில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டது. ஒரே ஒரு பிடி மரபணு சேர்த்த பருத்தியில் அந்தப் புழு பிழைப்பது குஜராத்தில் கண்டறியப்பட்டு 2010இல் அறிவிக்கப்பட்டது. இரண்டு மரபணு பருத்தியும் அடுத்த சில ஆண்டுகளில் அதே கதிக்கு ஆளானது. எதிர்ப்புத்திறன் பரவாமல் இருக்க 450 கிராம் பிடி விதையோடு ஓரத்தில் நட 120 கிராம் சாதா விதை பாக்கெட்டில் வந்தது. அங்கே பிழைக்கும் எதிர்ப்புத்திறனற்ற புழுக்கள் எதிர்ப்புத்திறன் பெற்றவற்றோடு இனம் கலக்கட்டும் என்பதே யோசனை. அதைப் பலர் நடவே இல்லை. ஓரத்துச் சாதாச் செடியில் புழு தின்னட்டும் என்று நிலத்தை விட்டுவைக்கச் சின்ன விவசாயிக்கு மனம் வருமா? இயற்கைத் தேர்வு பாடம் நடத்த இதைவிட உயிருள்ள எடுத்துக்காட்டு கிடையாது.

நிலைப்பாட்டை எழுதுதல்

முதல் வரைவில் இப்படித்தான் வரும்:

"பிடி கத்தரியால் பல நோய்கள் வருவதாக விஞ்ஞானிகள் கூறுகின்றனர். நம் பாரம்பரிய ரகங்கள் அழியும். எனவே இதைத் தடை செய்ய வேண்டும்."

எந்த விஞ்ஞானிகள், எந்த நோய், எப்படி அழியும்? ஓரத்தில் இந்த மூன்று கேள்விகளை மட்டும் எழுதித் திருப்பிக் கொடுங்கள். திருந்திய வடிவம் இப்படி இருக்கலாம்:

"நிறுத்திவைப்பு தொடர வேண்டும். உணவாக இது தீங்கு செய்யும் என்பதற்கு எனக்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை, அதனால் அதைக் காரணமாகச் சொல்லவில்லை. என் காரணம், பருத்தியில் நடந்தது. ஓரப்பயிர் விதியைக் கடைப்பிடிக்காததால் புழு எதிர்ப்புத்திறன் பெற உதவியாயிற்று. கத்தரியைச் சின்னச் சின்ன நிலங்களில் வருடம் முழுக்கப் போடுகிறார்கள், அங்கே அந்த விதி இன்னும் கடினம். கொஞ்ச கால லாபத்தைவிட நீடித்த பாதுகாப்பு முக்கியம் என்று கருதுகிறேன். ஓரப்பயிர் முறை நடைமுறையில் வேலை செய்வதைக் காட்டினால் என் முடிவை மாற்றிக்கொள்வேன்."

எதிர்நிலைப்பாடும் இதே தரத்தில் வர முடியும்:

"நிபந்தனையோடு அனுமதிக்கலாம். வங்கதேசத்தில் விவசாயிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் செய்த ஆய்வில் விளைச்சல் கூடியது, மருந்துச் செலவு குறைந்தது. நான் பேசிய விவசாயி தெளிக்கும்போது முகமூடி போடுவதில்லை. தெளிப்பவரின் உடல்நலத்தை முதலாவதாக வைக்கிறேன். வங்கதேசத்தைப் போல, விதையை மறுபடி எடுத்து விதைக்கக்கூடிய பொதுத்துறை ரகங்களாக மட்டுமே தர வேண்டும். வேலூர் இலவம்பாடி முள்ளுக்கத்தரி போன்ற புவிசார் குறியீடு பெற்ற ரகங்கள் விளையும் பகுதிகளை விலக்க வேண்டும். கத்தரியில் அயல்மகரந்தச் சேர்க்கையும் நடக்கும்."

இரண்டிலும் உண்மை, மதிப்பீடு, முடிவு மூன்றும் கண்ணுக்குத் தெரிகின்றன. "எது தெரியவந்தால் என் முடிவு மாறும்?" என்ற வாக்கியத்தை எல்லார் அறிக்கையிலும் கட்டாயமாக்குங்கள். முதல் எடுத்துக்காட்டில் அது இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. இரண்டாவதைக் கரும்பலகையில் எழுதி, அந்த வரியை வகுப்பையே சேர்க்கச் சொல்லலாம்.

"இரண்டு பக்கமும் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு, அரசு யோசித்து முடிவெடுக்க வேண்டும்" என்று முடியும் அறிக்கையை ஏற்காதீர்கள். அது பத்திரமான வழி, தேர்வுக் கட்டுரைகளில் பழகிப்போனது. ஆனால் அது நிலைப்பாடு அல்ல. "இப்போது முடிவெடுக்கப் போதிய ஆதாரம் இல்லை, இன்னின்ன சோதனை வேண்டும்" என்று எழுதினால் ஏற்கலாம்.

மதிப்பெண்

20 மதிப்பெண்ணை இப்படிப் பிரியுங்கள்: கேள்வியைக் குறுக்கியதற்கு 3, மூலங்களின் வகைக்கும் சரிபார்ப்புக்கும் 4, ஆய்வை விமர்சித்துப் படித்ததற்கு 5, ஆதாரத்தை மதிப்பீட்டோடு இணைத்ததற்கு 5, எதிர்வாதத்தின் வலுவான வடிவத்துக்குப் பதில் சொன்னதற்கு 3. எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதற்கு ஒன்றும் கிடையாது. இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொன்னாலும் உங்கள் கருத்தை மோப்பம் பிடித்து அதையே எழுதச் சிலர் முயல்வார்கள். அறிக்கைகள் கைக்கு வரும் வரை உங்கள் நிலைப்பாட்டைச் சொல்லாமல் இருப்பதே நல்லது. பிறகு கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள், அதே மூன்று பகுதியோடு.

வாடகைத்தாய், கருக்கலைப்பு, மரபுநோய்ப் பரிசோதனை போன்ற தலைப்புகளில் கூடுதல் கவனம் வேண்டும். அந்த நிலையில் உள்ள குடும்பத்துப் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். அங்கே வாய்மொழி விவாதத்தைத் தவிர்த்து எழுத்தோடு நிறுத்துங்கள். தலைப்பை மாற்றிக்கொள்ள விரும்பும் மாணவரிடம் காரணம் கேட்காதீர்கள்.

அடுத்த சுற்று

ஒரு மாதம் கழித்து ஒரே ஒரு பாடவேளை எடுத்து, பழகியது நின்றிருக்கிறதா என்று பாருங்கள். 2025 மே மாதம் இந்தியா மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை அறிவித்தது. ஒன்று சம்பா மசூரியிலிருந்து வந்த கமலா. இன்னொன்று பூசா டிஎஸ்டி ரைஸ் 1. இவற்றில் வேறு உயிரியின் மரபணு இல்லை. நெல்லின் சொந்த மரபணுவிலேயே சிறு மாற்றம். இத்தகைய திருத்தங்களுக்கு 2022இலேயே கடுமையான மரபணு மாற்ற விதிகளிலிருந்து விலக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. ஒவ்வொருவரும் தங்கள் கத்தரி அறிக்கையை எடுத்துவைத்து, அதிலுள்ள காரணங்களில் எவை இந்த நெல்லுக்கும் பொருந்தும், எவை பொருந்தா என்று இரண்டு நிறப் பேனாவில் அடிக்கோடு இடட்டும். பாக்டீரியா மரபணு என்ற காரணம் விழுந்துவிடும். விதை யார் கையில் இருக்கிறது என்ற காரணம் நிற்கிறதா என்பதை அவர்கள் மறுபடி தேடித்தான் சொல்ல வேண்டியிருக்கும். அந்தத் தேடலுக்கு இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள்.